காந்த சிகிச்சையால் சூதாட்ட வெறி தீருமா?

"பார்க்கின்சன் நோயாளிக்குச் சூதாட்ட வெறியோ, கண்டதையெல்லாம் வாங்கிக் குவிக்கும் பழக்கமோ வந்தால் மூளைக்குக் காந்த சிகிச்சை கொடுங்கள், முழுசாகக் குணமாகும், மாத்திரையை நிறுத்திவிடலாம்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. தவறு. அதிலும் அந்தக் கடைசி வரி ஆபத்தானது.

இந்த வெறிக்குப் பெரும்பாலும் காரணம் பிரமிபெக்சால், ரோபினிரோல் போன்ற, பார்க்கின்சன் நோயில் குறைந்துபோகும் மூளை வேதிப்பொருளான டோபமைனைப் போல வேலை செய்யும் மாத்திரைகள். 3,090 நோயாளிகளை வைத்துச் செய்து 2010இல் வெளியான ஆய்வில், இவ்வகை மாத்திரை எடுத்தவர்களில் 17.1 சதவீதம் பேருக்கு இச்சிக்கல் இருந்தது, எடுக்காதவர்களில் 6.9 சதவீதம்தான். அதனால் மருத்துவர் முதலில் கை வைப்பது மாத்திரை அளவில். படிப்படியாகக் குறைப்பார், இல்லை மாற்றுவார். நீங்களாகச் சட்டென்று நிறுத்தினால் பதற்றம், பீதி, மனச்சோர்வு, வியர்வை என்று பாடாய்ப் படுத்தலாம். நடுக்கமும் விறைப்பும் கூடும்.

சரி, காந்தத் தூண்டலே பொய்யா? இல்லை. தலைமேல் வைக்கும் கம்பிச்சுருளில் மின்சாரம் விட்டுவிட்டுப் பாய, அதில் எழும் காந்தப்புலம் மண்டையோட்டைத் தாண்டி, மூளையில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. (கடையில் விற்கும் காந்த வளையத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.) அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008இல் மனச்சோர்வுக்கும் 2018இல் ஓசிடி என்னும் எண்ணச் சுழற்சி நோய்க்கும் இதை அனுமதித்தது. பார்க்கின்சன் நோயாளியின் சூதாட்ட வெறிக்கு இது இன்னும் ஆய்வு நிலையில்தான். டிபிஎஸ் கருவி (மூளைக்குள் மின்முனை வைத்துத் தூண்டுவது) பொருத்தியவர்கள் அதை மருத்துவரிடம் முன்கூட்டியே கட்டாயம் சொல்ல வேண்டும்.