படம் பிடித்த பையன் என்ன பாவம் செய்தான்?

பைக்கில் வந்தவன் ஒரு அம்மாவின் செயினைப் பறித்ததை ஒரு பையன் போனில் எடுத்து முகநூலில் போட்டானே, அந்த நேற்றைய வீடியோவுக்குக் கீழே நடக்கும் பஞ்சாயத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பைக் நம்பர் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் அர்ச்சனை முழுக்க எடுத்த பையனுக்குத்தான். "ஓடிப் பிடிக்காமல் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறான் பார்!"

சரி, வீரர்களே. பைக்கில் பறக்கிறவனை நீங்கள் கால்நடையாகத் துரத்திப் பிடித்த கதையைச் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். அவன் கையில் இருந்தது போன். அதை வைத்து முடிந்ததைச் செய்தான். திருடியவன் அவன் இல்லை.

விதிமீறலைப் படமெடுத்து அனுப்பு என்று சென்னை போக்குவரத்துப் போலீஸ் ஆப்பே வெளியிட்டிருக்கிறது. கேட்பதும் அவர்கள்தான். எடுத்துக்கொண்டு போனால்?

என் அக்காவின் கைப்பையைப் பறித்தபோது, சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பி ஒருவன் படம்பிடித்தான். அவனே ஸ்டேஷனுக்கும் கூட வந்தான். "நீ அங்கே என்ன பண்ணிட்டிருந்தே?" இதுதான் முதல் கேள்வி. அடுத்தது, "போனை வெச்சிட்டுப் போ." அந்த போன் இருந்தால்தான் அவனுக்கு அன்றைய ஆர்டர். தவணை வேறு பாக்கியாம். அக்காவைப் பார்த்து, "வர்றேன்க்கா" என்றான். அப்புறம் அவனை நாங்கள் பார்க்கவேயில்லை. எனக்கு அவன்மேல் கோபம் வரவில்லை.

2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவு, இப்படிப்பட்ட பதிவுக்குச் சான்றிதழ் கேட்கிறது, அதில் ஹாஷ் மதிப்பும், அதாவது பதிவை யாரும் மாற்றவில்லை என்று சரிபார்க்க உதவும் கணினிக் குறியீடும், வேண்டும் என்கிறது. நியாயம்தான். இதை அந்தத் தம்பிக்கு உட்காரவைத்துச் சொன்னது யார்? நாற்காலிகூடப் போடவில்லை.

"போலீஸிடம் கொடுக்காமல் முகநூலில் ஏன் போட்டான்?" மேலே உள்ளதை இன்னொரு முறை படியுங்கள். அந்த அம்மாவின் முகத்தை மறைத்திருக்கலாம் என்கிறீர்களா, மறைத்திருக்கலாம். அதற்காக அவன் குற்றவாளியா? "லைக்குக்காக எடுத்தான்" என்கிறார் இன்னொருவர். இருக்கட்டுமே, நம்பர் பிளேட் பொய்யாகிவிடுமா?

2025-இல் மடப்புரம் கோயில் காவலாளியைப் போலீஸார் அடித்ததை ஒருவர் மறைந்திருந்து எடுத்தாரே, அந்த வீடியோ இல்லையென்றால் என்ன கதை கட்டியிருப்பார்கள்? அன்றைக்கு மாய்ந்து மாய்ந்து ஷேர் செய்தவர்கள்தான் இன்றைக்கு இந்தப் பையனைக் கோழை என்கிறீர்கள். அப்போது அந்த மனிதர் உள்ளே பாய்ந்து தடுத்திருக்க வேண்டும் என்று ஒருவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

"அவன் என்ன உங்களுக்குச் சொந்தமா, இவ்வளவு பொங்குறீங்க?" என்று இதற்கும் யாராவது வருவீர்கள். ஆமாம், சொந்தம்தான். இனி அவனை விட்டுவிட்டு என்னைத் திட்டுங்கள்.