புக்மோல் என்பது பேச்சுமொழி அல்ல

"புக்மோல்தான் நார்வேக்காரர்கள் பேசும் மொழி, அதைப் படித்துவிட்டுப் போனால் பரிமாற்ற மாணவருக்குப் பேச்சு தடங்கலில்லாமல் புரியும்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பிப் போகிறவர்கள் முதல் வாரமே மனம் உடைந்துபோவார்கள்.

புக்மோலும் நீனொர்ஸ்க்கும் நார்வே மொழியின் இரண்டு எழுத்து வடிவங்கள். 1885லேயே நாடாளுமன்றம் இரண்டு வடிவங்களுக்கும் சமநிலை கொடுத்துவிட்டது. பேசுவது அவரவர் வட்டார வழக்கில்தான். "நான்" என்பதற்கு ஒஸ்லோவில் "யாய்", பெர்கனில் "ஏக்", த்ரோன்ஹெய்மில் "ஆ". முக்கியமானது, அங்கே வட்டார வழக்கு கொச்சை இல்லை. வகுப்பில் ஆசிரியரும் நாடாளுமன்றத்தில் உறுப்பினரும் தங்கள் ஊர் வழக்கிலேயே பேசுவார்கள். இது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

புக்மோலில் தொடங்குவது சரியான முடிவுதான், பாடநூல்களில் பெரும்பாலானவை அதில்தான் இருக்கின்றன. அப்புறம், எந்த ஊரில் இடம் கிடைத்திருக்கிறது என்று தெரிந்ததும் அந்தப் பகுதிக்கான என்ஆர்கே (நார்வேயின் பொது ஒலிபரப்பு நிறுவனம்) வானொலிச் செய்தியைத் தினமும் கேளுங்கள். மேற்கு நார்வே என்றால் பள்ளிப் புத்தகமே நீனொர்ஸ்க்கில் இருக்கலாம். போன பிறகு, தங்கும் வீட்டாரிடம் ஆங்கிலத்துக்கு மாற வேண்டாம் என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உங்களுக்கு உதவுவதாக நினைத்து உடனே மாறிவிடுவார்கள்.