வளர்கிற பிள்ளைக்குச் சட்டை எடுப்பது போல

என் மகளுக்கு 12 வயது முடிந்தபோது அவளுடைய கால்கள் குட்டையனின் வயிற்றுக்குக் கீழே தொங்க ஆரம்பித்திருந்தன. குட்டையன், அவள் ஐந்து வருடமாகச் சவாரி செய்துவந்த மட்டக்குதிரை, அதாவது போனி. போனி என்றால் குதிரைக்குட்டி என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன்: குட்டையனுக்கு அப்போதே 17 வயது. முழுசாக வளர்ந்தவன், விவரமானவன், பல நாள் எங்களைவிட விவரமானவன்.

பார்த்தவர்கள் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான். "எப்போது பெரிய குதிரை?" ஏதோ பிள்ளை ஒரே வகுப்பில் இரண்டு வருடம் உட்கார்ந்திருப்பது போல ஒரு தொனி அதில் இருக்கும். எனக்கும் ரோஷம் வந்தது. நான் போட்ட கணக்கு, துணிக்கடையில் சட்டை எடுக்கும்போது போடுகிற கணக்கு: வளர்கிற பிள்ளை, கொஞ்சம் பெரிதாகவே எடுத்துவிட்டால் நாலைந்து வருடத்துக்குக் கவலை இல்லை.

வந்தது 5 வயதுக் குதிரை. உயரம் 167 செ.மீ. குதிரையைத் தலை வரைக்கும் அளப்பதில்லை, கழுத்து முதுகோடு சேருகிற மேடு வரைதான் அளப்பார்கள். என் மகள் அப்போது 150 செ.மீ. அந்த மேடு அவள் உச்சந்தலையைத் தாண்டி நின்றது. போட்டோவில் என்னவோ கம்பீரமாகத்தான் இருந்தது. விற்றவர் எதையும் மறைக்கவில்லை. "நல்ல குதிரை, இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறான்" என்று நேராகவே சொன்னார். அதில் முதல் பாதி மட்டும்தான் என் காதில் விழுந்தது.

மூன்றாவது வாரம் மைதானத்தின் ஒரு மூலையில் குதிரை தயங்கியது. குட்டையனாக இருந்தால் என்ன செய்வாளோ அதைத்தான் செய்தாள்: குதிகாலால் பலமாக ஓர் உதை. குட்டையனுக்கு அந்த உதை கதவைத் தட்டுவது மாதிரி. இரண்டு தடவை தட்டினால்தான் "யாரது" என்பான். இந்தக் குதிரை ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. பயத்தில் அவள் கால்களை இறுக்கினாள். கால் இறுகினால் வேகமாகப் போ என்றுதான் அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். இன்னும் வேகமெடுத்தது. இரண்டு லகானையும் சேர்த்து இழுத்தாள். 500 கிலோ உயிர், வாயில் இழுபடுவதற்கு எதிராகத் தானும் சாய்ந்து இழுத்தது. மூன்று சுற்று. நாலாவது மூலையில் விழுந்தாள். காறையெலும்பு முறிந்தது. ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது. அதை அன்றைக்கே தூக்கிப் போட்டோம். உள்ளே இருக்கிற நுரை ஒரு தடவை நசுங்கிவிட்டால் அவ்வளவுதான், வெளியே கீறல்கூடத் தெரியாவிட்டாலும் அது அடுத்த அடியைத் தாங்காது.

குதிரை குப்புறத் தள்ளியதோடு குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே குழி பறித்த ஆள் நான்தான்.

எலும்பு ஆறு வாரத்தில் கூடிவிட்டது. பயம் அப்படிக் கூடி ஆறுகிற சரக்கு இல்லை. அவள் ஒருநாளும் "பயமாக இருக்கிறது" என்று சொல்லவில்லை. ஒரு வாரம் வயிற்றுவலி, அடுத்த வாரம் வீட்டுப்பாடம், அதற்கடுத்த வாரம் பூட்ஸ் கடிக்கிறது. பூட்ஸ் உண்மையிலேயே சின்னதாகிவிட்டதோ என்று நான் புதுசு வாங்கிக் கொடுத்தேன், அறிவாளி!

அதற்குப் பிறகுதான் இந்த விஷயத்தைப் பற்றி ஒழுங்காக யோசிக்கவே ஆரம்பித்தேன். என் கருத்து இதுதான்: பிள்ளைக்குப் பெரிய குதிரை எடுக்கிறோம் என்றால், இன்றைக்கு அவள் எப்படிச் சவாரி செய்கிறாளோ அதற்குத்தான் எடுக்க வேண்டும். மூன்று வருடம் கழித்து எப்படி இருப்பாள் என்று பார்த்து எடுக்கக் கூடாது. அப்புறம், போனியை விட்டு இறங்கிய மறுநாளே பெரிய குதிரை என்று இருக்கவும் கூடாது. கொஞ்ச காலம் இரண்டும் சேர்ந்து ஓட வேண்டும்.

போட்டிகள் நடத்துகிற உலகக் குதிரையேற்றக் கூட்டமைப்புக்கே இந்த அவசரம் இல்லை. அவர்கள் விதிப்படி லாடம் இல்லாமல் 148 செ.மீ., லாடத்தோடு 149 செ.மீ. வரை போனி. 12 வயதாகும் வருடத்திலிருந்து 16 வயதாகும் வருடம் முடிகிற வரை போனிப் பிரிவில் கலந்துகொள்ளலாம். 12 முதல் 14 வரை பெரிய குதிரையில் போட்டியிட வேறொரு பிரிவும் உண்டு. ஆக, ஒரே வயதுப் பிள்ளைகளில் ஒருத்தி போனியிலும் இன்னொருத்தி குதிரையிலும் இருப்பது விதியே ஒத்துக்கொண்ட விஷயம். ஐஸ்லாந்துக் குதிரைகளைப் பாருங்கள். பெரும்பாலும் போனி உயரத்துக்குள்தான் அடங்கும். ஆனால் யாரும் அதைப் போனி என்று கூப்பிடுவதில்லை, பெரியவர்களே ஏறிப் போகிறார்கள். நாம்தான் அளவுகோலை வைத்துக்கொண்டு மானத்தை அளக்கிறோம்.

அதற்காகப் பிள்ளை காலம் முழுக்கப் போனியிலேயே இருக்கட்டும் என்று சொல்ல வரவில்லை. போனியின் முதுகையும் பார்க்க வேண்டும். ஏறுகிற ஆள், சேணம் எல்லாம் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது பரவலாகச் சொல்லப்படுகிற ஒரு தோராயக் கணக்கு. குட்டையன் 240 கிலோ. ஐந்தில் ஒன்று 48. அவள் அப்போது 40 கிலோ, சேணமும் மற்றதும் 7. இன்னும் ஒரு கிலோதான் பாக்கி. அதனால் அந்தச் சமயத்தில் பெரிய குதிரையைத் தேடியது தப்பே இல்லை. தேடிப் பிடித்த குதிரைதான் தப்பு.

சவாரி சொல்லித்தருகிற எங்கள் மாஸ்டர் அதை விளக்கிய விதம் எனக்குப் பிடித்திருந்தது. அவளை அந்தப் பெரிய குதிரையின் சேணத்தில் உட்காரவைத்து, "இவள் குதிகால் எங்கே படுகிறது பாருங்கள்" என்றார். குட்டையன் மேல் இருக்கும்போது அது வயிற்றில் படும். இங்கே சேணத்தின் பக்கத்தோலோடு நின்றுவிட்டது, குதிரையின் உடம்பைத் தொடவே இல்லை. அந்தக் குதிரையைப் பழக்கியதோ நீண்ட கால்கள் உள்ள பெரிய ஆள். எப்போதும் ஒரு கால் மெதுவாகத் தன்னைத் தொட்டுக்கொண்டே இருக்கும், அது சொல்வதைக் கேட்டுக்கொண்டால் போதும் என்றுதான் அது பழகியிருக்கிறது. இங்கே தொடுதலே இல்லாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஓர் இடி விழுகிறது. பாயாமல் என்ன செய்யும்? எத்தனை செ.மீ. குதிரை என்று கேட்பதற்கு முன்னால், பிள்ளையின் கால் அதன் விலாவில் பேசுகிறதா என்று பாருங்கள். ஒல்லியான 160 செ.மீ. குதிரையைவிடப் பீப்பாய் மாதிரி உருண்ட 152 செ.மீ. குதிரை சின்னப் பிள்ளைக்குக் கஷ்டமாக இருக்கும்.

குதிரையின் வயது இன்னொரு விஷயம். 5 வயதில் அதற்கு முதுகெலும்பே இன்னும் முழுசாக முற்றியிருக்காது. கற்றுக்கொள்கிற குதிரை மேல் கற்றுக்கொள்கிற பிள்ளையை ஏற்றிவிட்டு, இருவரும் சேர்ந்து வளரட்டும் என்பது கேட்க இனிமையாக இருக்கிறது. நடப்பது என்னவென்றால் இரண்டு பேருமே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து "இப்போது என்ன செய்வது?" என்று முழிப்பார்கள். இதற்கு எதிராக வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். தண்ணீரில் தள்ளிவிட்டால்தான் நீச்சல் வரும் என்பது அவர்கள் கட்சி. தண்ணீர் பயந்து ஓடாது. குதிரை ஓடும்.

சரி, இரண்டாவது முறை என்ன செய்தோம்? 155 செ.மீ. உயரமுள்ள ஒரு பெண் குதிரை, 16 வயது. பல பிள்ளைகளைச் சுமந்து அலுத்துப் போனவள். அவள் பார்க்கிற பார்வையிலேயே ஒரு கண்டிப்பு இருந்ததால் மகள் வைத்த பெயர் பெரியம்மா. வாங்கவில்லை. மூன்று மாதம் இரவலாகத்தான் எடுத்தோம். பரிசோதித்த கால்நடை மருத்துவர், பின்கால் மூட்டில் கொஞ்சம் விறைப்பு இருக்கிறது, தினமும் கால் மணி நேரம் நடக்கவிட்டுச் சூடேற்றிய பிறகுதான் ட்ராட் (நடைக்கு அடுத்த வேகத்தில் போகிற துள்ளோட்டம்) என்றார். அந்தக் கால் மணி நேரம் என் மகளுக்கும் தேவைப்பட்டது என்பது பிறகு புரிந்தது.

முதல் வாரம் ஏறவே விடவில்லை மாஸ்டர். கயிற்றைப் பிடித்து நடத்திப் போ, நிறுத்து, பின்னால் தள்ளு, குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய். எனக்கு இது வெறும் தாமதமாகத்தான் பட்டது. ஆனால் போனியிலிருந்து வருகிற பிள்ளைக்குத் தரையில்தான் நிறையப் புதுசு. குட்டையனுக்குக் கடிவாளம் மாட்டுவது பொம்மைக்குத் தொப்பி போடுகிற மாதிரி. பெரிய குதிரை தலையைக் கொஞ்சம் தூக்கினாலே காது எட்டாது. எகிறிக் குதித்து மாட்டப் போனால் அது இன்னும் தூக்கும். காதுகளுக்குப் பின்னால், பிடரி தொடங்குகிற இடத்தில் கையை வைத்து லேசாக அழுத்தி, அது ஓர் அங்குலம் தலையைத் தாழ்த்திய நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். நாலைந்து நாளில் பெரியம்மா அவள் இடுப்பு உயரத்துக்குத் தலையைக் கொண்டுவந்து நின்றாள். எலும்பு கூடிய பிறகு என் மகள் முதன்முறையாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஏறும்போதும் தரையிலிருந்து தொங்கி ஏறக் கூடாது, மேடைக்கட்டை வைத்துத்தான். கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. தொங்கி ஏறினால் சேணம் ஒரு பக்கமாக இழுபட்டு முதுகை முறுக்கும். சேணத்தில் கால் வைக்கிற அங்கவடியும் மாற வேண்டியிருந்தது. பூட்ஸின் அகலத்தைவிட ஓர் அங்குலம் போல அதிகமாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் விழும்போது கால் உள்ளே மாட்டிக்கொள்ளும். ரொம்பப் பெரிதாக இருந்தால் பாதமே உள்ளே நழுவிப் போகும். சேணம் குதிரைக்கும் பொருந்த வேண்டும், பிள்ளைக்கும் பொருந்த வேண்டும். போனிச் சேணத்தையே இதற்கும் போடலாமா என்று கேட்காதீர்கள்.

அடுத்த இரண்டு வாரம் நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடவிட்டு, லகான் இல்லாமல் சவாரி. இங்கேதான் ட்ராட்டில் அவள் திணறினாள். குட்டையனின் ட்ராட் தையல் மிஷின் மாதிரி டக்டக்கென்று போகும். பெரியம்மாவுடையது மெதுவானது, ஆனால் ஒவ்வோர் அடியும் ஆளைத் தூக்கிப் போடும். இவள் பழைய தாளத்திலேயே எழுந்து உட்கார்ந்ததால், குதிரை தூக்குவதற்கு முன்பே எழுந்தாள், தூக்கும்போது சேணத்தில் மோதினாள். மாஸ்டர் ஒன்றும் திருத்தவில்லை. "வாயால் சத்தமாக எண்ணு, ஆனால் பெரியம்மாவின் காலைப் பார்த்து எண்ணு" என்றார். அவ்வளவுதான்.

தாண்டுவதற்கும் அதே கதை. பெரிய குதிரையின் ஒரு தாவல் சராசரியாக 12 அடி என்று வைத்துத்தான் தடைகளுக்கு நடுவில் தூரம் வைக்கிறார்கள். இரண்டு தடைகளுக்கு நடுவே 60 அடி என்றால், இறங்குவதற்கும் எழும்புவதற்கும் போக நாலு தாவல். அதே இடத்தில் குட்டையன் ஐந்து போடுவான், சோம்பலான நாளில் ஆறு. ஐந்து வருடம் ஐந்து எண்ணிப் பழகிய கண்ணுக்கு நாலில் தடை வந்து நின்றால் தூக்கிவாரிப் போடும். அதனால் முதலில் தடையே வைக்கவில்லை. தரையில் இரண்டு கம்புகளைப் போட்டு, அதைக் கடந்து எண்ணிக்கொண்டே போனாள். நிறுத்துவதும் அப்படித்தான். போனியிடம் மூலையில் கேட்டால் மூலையில் நிற்கும். இங்கே மூலை வருவதற்கு வெகு முன்பே மூச்சை இழுத்து, முதுகை நிமிர்த்தி, ஒரு சின்னக் கேள்வி கேட்டு வைக்க வேண்டும். வேகம் கைமீறினால் இரண்டு லகானையும் பிடித்துத் தொங்காமல், ஒன்றை மட்டும் மெல்ல இழுத்துக் கழுத்தை வளைத்து வட்டத்தைச் சுருக்கிக்கொண்டே வருவது. இதை நடையில் நூறு தடவை செய்த பிறகுதான் ஓட்டத்துக்குப் போனார்கள். முழு வேகத்தில் போகும்போது புதிதாகச் செய்து பார்க்கிற வித்தை இல்லை அது.

இந்த மூன்று மாதமும் வாரத்தில் இரண்டு நாள் குட்டையன்தான். லேசான நடை, கொஞ்சம் ட்ராட். மாஸ்டர் சொல்லித்தான் இதைச் செய்தோம். எனக்கு முதலில் ஏதோ பின்னால் போகிற மாதிரி இருந்தது. ஆனால் பயந்துபோன பிள்ளைக்கு, தன்னால் நன்றாகச் செய்ய முடிகிற ஓர் இடம் வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும். கூடவே இன்னொன்றும் நடந்தது. பெரியம்மாவிடம் உதைக்காமல் கேட்கக் கற்றுக்கொண்டவள், குட்டையனையும் உதைப்பதை நிறுத்திவிட்டாள். அவன் முதல் தட்டலுக்கே நகர ஆரம்பித்தான். ஐந்து வருடம் அவனைச் சோம்பேறி என்று திட்டியிருக்கிறோம்!

முதல் குதிரையை, அதைப் பழக்கத் தெரிந்த ஒரு பெரியவரிடம் கொடுத்துவிட்டோம். அவர் கையில் அது நன்றாக இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

பெரியம்மாவை இரவல் முடிந்து வாங்கிவிட்டோம். இப்போது அவளுக்கு 18. இன்னும் இரண்டு, மூன்று வருடம் சவாரிக்கு வருவாளா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, அவசரமும் இல்லை. மகளின் கால் இப்போது அவள் விலாவில் சரியாகப் படுகிறது.

குட்டையனை விற்கலாமா என்ற பேச்சு வந்தபோது வீட்டில் இரண்டு நாள் யாரும் யாரோடும் பேசவில்லை. பிறகு, மாஸ்டரிடம் கற்றுக்கொள்ள வருகிற ஒரு ஏழு வயதுச் சிறுமி அவன் மேல் ஏறட்டும் என்று முடிவானது. சனிக்கிழமைகளில் என் மகள்தான் கயிற்றைப் பிடிக்கிறாள். போன வாரம் அந்தச் சின்னவள் தானே சேணத்தின் வயிற்றுப் பட்டையை இழுத்துக் கட்டினாள். குட்டையன் வழக்கம்போல் மூச்சை இழுத்து வயிற்றை உப்பிக்கொண்டு, ஒன்றும் அறியாதவன் போல் எங்கோ பார்த்தான். என் மகள் எதுவும் சொல்லவில்லை. பத்தடி நடத்திக்கொண்டு போய் நிறுத்தினாள். "இப்போது மறுபடி இழுத்துப் பார்" என்றாள். இரண்டு துளை உள்ளே போனது.