வாடகைக்கு மட்டும் ஓய்வே கிடையாதா?

வந்துவிட்டது, வீட்டுக்காரரிடமிருந்து இந்த வருடமும் அதே செய்தி: 'அடுத்த மாதத்திலிருந்து 10 சதவீதம் கூட்டித் தரவும்.' கூடவே ஒரு கும்பிடு இமோஜி வேறு! வருடா வருடம் 10 சதவீதம் என்றால் ஏழெட்டு வருடத்தில் வாடகை இரட்டிப்பாகிவிடும், அப்பாவின் ஓய்வூதியம் அப்படியா வளர்கிறது? அது விலைவாசியெல்லாம் ஏறி முடிந்த பிறகு, ஆற அமர வந்து கொஞ்சம் கிள்ளிக் கொடுக்கும். வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குச் செலவழிக்காதீர்கள் என்று அறிவுரை சொல்லும் நிபுணர்களே, நீங்கள் எந்தக் கிரகத்தில் குடியிருக்கிறீர்கள்?

சரி, சொந்தமாக வாங்கிவிடலாம் என்று போனால் அப்பாவுக்கு வயது அதிகம், கடன் கிடையாது. எனக்குச் சம்பளம் போதாது, எனக்கும் கிடையாது. இத்தனை வருடம் ஒரு மாதம்கூடத் தவறாமல் வாடகை கட்டியவனுக்குத் தவணை கட்டத் துப்பில்லையாம்! கடன் கிடைத்தவர் மட்டும் நிம்மதியாகவா தூங்குகிறார்? வட்டி கொஞ்சம் ஏறினாலே, 20 வருடத் தவணை அவர் ஓய்வு பெறும் நாளையும் தாண்டி ஓடுகிறது.

'இன்னும் சிறியதாகப் பாருங்களேன்' என்கிறார் தரகர். இப்போது இருப்பதே கதவைத் திறந்தால் கட்டிலில் இடிக்கும் வீடு. இதைவிடச் சிறியது என்றால் அலமாரிதான், அதற்கும் முன்பணம் கேட்பார்கள்.