கனமான கோட்டு மட்டும் போதாது

"தடிமனான கோட்டு ஒன்று இருந்தால் சரி, உள்ளே பருத்தி பனியனே போதும்" என்று சிலர் சொல்வதை நம்பி யாரும் குளிர்ப் பிரதேசக் கப்பல் பயணத்துக்குப் பெட்டி கட்டிவிடாதீர்கள். பருத்தி வியர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே உடம்போடு ஒட்டிக் கிடக்கும், லேசில் காயாது, அப்புறம் மேலே எதைப் போட்டாலும் நடுக்கம் நிற்காது. உள்ளே மெரினோ ஆட்டின் மெல்லிய கம்பளி அல்லது பாலியஸ்டர், நடுவில் ஃபிளீஸ் (மொசுமொசுவென்ற செயற்கை இழைத் துணி), வெளியே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், இப்படி அடுக்கடுக்காகப் போடுங்கள். 5 டிகிரி என்று வானிலை ஆப் காட்டினாலும், கப்பல் மணிக்கு 37 கி.மீ. வேகத்தில் போகும்போது திறந்த மேல்தளத்தில் அது 0 டிகிரி போலக் கடிக்கும், காற்றே வீசாத நாளிலும்கூட. உள்ளே வந்தால் ஹீட்டர் ஓடும், அங்கே ஒவ்வொன்றாகக் கழற்ற முடிய வேண்டுமே! கையுறை மட்டும் இரண்டு ஜோடி வையுங்கள், ஒன்று நனைந்தால் மாற்ற.