பத்திரிகைக்காரர் ராஜரத்தினம்

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். காணொளியும் எல்லா குரூப்பிலும் சுற்றுகிறது. கோபத்தில் எழுத வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். கோபம் தணியவில்லை. எழுதிவிடுகிறேன்.

எஸ். ராஜரத்தினத்தைப் பற்றி அத்தனை நேரம் பேசினார் அந்தக் கூட்டத்தின் பேச்சாளர். சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர், துணைப் பிரதமர், தேசியப் பற்றுறுதியை, அதாவது நாட்டின் உறுதிமொழியை, எழுதியவர், யாழ்ப்பாணத்துத் தமிழர். எல்லாம் சரி. அவருடைய பத்திரிகை வாழ்க்கைக்குக் கிடைத்தது ஒரே வரி: "அதுவரைக்கும் ஏதோ பேப்பர்ல எழுதிக்கிட்டிருந்தாரு." அரங்கம் சிரித்தது. அந்தச் சிரிப்புதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஏதோ பேப்பரிலா?

வட்டுக்கோட்டையில் 1915இல் பிறந்து, கைக்குழந்தையாகவே மலாயாவுக்கு வந்து சிரம்பானில் வளர்ந்தவர். சட்டம் படிக்க லண்டன் போனார். போர் வந்தது, வீட்டுப் பணம் நின்றது, எழுதித்தான் பிழைத்தார். திரும்பி வந்தபின் மலாயா டிரிபியூன், சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட், ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் என்று 1959 தேர்தல் வரை பத்திரிகைதான் அவருக்குச் சோறு போட்டது. 1952இல் தபால்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குச் சட்ட ஆலோசகர், பின்னாளில் பிரதமரான லீ குவான் இயூ. ஸ்டாண்டர்டில் அவர்கள் பக்கம் நின்று எழுதியவர் ராஜரத்தினம். லீக்கு அந்தப் போராட்டத்தில்தான் பெயர் கிடைத்தது. இருவரும் சேர்ந்து தொடங்கிய மக்கள் செயல் கட்சி பிறந்தது 1954 நவம்பரில். கட்சி வருவதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே இந்த மனிதரின் பேனா வேலையை ஆரம்பித்துவிட்டது. இதைச் சொல்ல மேடையில் நேரமில்லையாம்.

பற்றுறுதிக்கு வருவோம். 1964 இனக் கலவரங்களின் காயம் ஆறாத ஊரில், 1966இல், இனம் மொழி மதம் பாராமல் ஒன்றுபடுவதை ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும். பள்ளிப் பிள்ளைகள் தினமும் சொல்ல வேண்டும், வாயில் நிற்க வேண்டும், யாரையும் புண்படுத்தக் கூடாது. லீயும் அதில் கைவைத்துத் திருத்தினார் என்பது தெரியும். ஆனால் முதலில் எழுதிய கை, வருடக்கணக்கில் தலையங்கம் எழுதிப் பழகிய கை. அமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்தவுடன் அந்தச் சொற்கள் வந்துவிடவில்லை.

நானும் சில காலம் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருந்தவள். இரவு வேலை. நீளமான செய்தியைச் சுருக்கி, எந்தத் தரப்பும் மறுநாள் காலையில் "நான் அப்படிச் சொல்லவில்லை" என்று போன் செய்ய முடியாதபடி எழுத வேண்டும். ஒரு கல்யாண வீட்டில் பெரியப்பா கேட்டார், "இன்னும் பேப்பர்லதான் இருக்கியாம்மா? நல்ல வேலை ஏதும் பாக்கலையா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கேட்டதும் அதே சிரிப்புதான். காலையில் பேப்பர் வராவிட்டால் முதலில் சத்தம் போடுவது அந்தப் பெரியப்பாதான். எழுதுகிறவர்களின் உழைப்பு வேண்டும், அவர்களுக்கு மரியாதை மட்டும் கூடாது.

"அரசியலுக்கு வராமல் இருந்திருந்தால் அவரை யாருக்குத் தெரிந்திருக்கும்?" என்று கேட்பீர்கள். தெரிந்திருக்காதுதான். அதனால் அவர் எழுதியது சின்ன வேலை ஆகிவிடுமா? 1967 ஆகஸ்ட் 8 அன்று பாங்காக்கில் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானைத் தொடங்கிக் கையெழுத்திட்டவர்கள் ஐந்து பேர். ஒருவர் ராஜரத்தினம். இன்னொருவர் இந்தோனேசியாவின் ஆதம் மாலிக், அந்தாரா செய்தி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். சிங்கப்பூரின் மெக்டொனால்ட் ஹவுஸில் இந்தோனேசியப் படையினர் வைத்த குண்டு வெடித்து இரண்டரை ஆண்டுகூட ஆகாத நிலையில், இந்த இரண்டு பத்திரிகைக்காரர்கள் ஒரே மேசையில் கையெழுத்திட்டார்கள். எனக்கு இது தற்செயலாகத் தோன்றவில்லை.

"தமிழில் எழுதினாரா?" என்று கேட்பவர்களுக்குப் பதில்: இல்லை, ஆங்கிலத்தில் எழுதினார். அதனால் என்ன? பிறப்பைப் பார்த்து "நம்ம ஆளு" என்று மாலை போடுகிறீர்கள், அவர் சொன்னதை மட்டும் படிக்க மாட்டேன் என்கிறீர்கள். சிங்கப்பூரர் என்பது வம்சாவளியால் வருவதில்லை, மன உறுதியாலும் விருப்பத்தாலும் வருவது என்று கடைசிவரை சொன்ன மனிதர் அவர். அவரைச் சாதிச் சங்கத் தலைவர் மாதிரி கொண்டாடினால் அவர் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் அது அவமானம்.

சிலர் இன்பாக்ஸில் கேட்டது வேறு கேள்வி. "அவர் அமைச்சராக இருந்த அரசுதானே 1971இல் சிங்கப்பூர் ஹெரால்ட் நாளிதழை மூட வைத்தது? 1974இல் பத்திரிகைகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் கொண்டுவந்தது?" ஆமாம். புதிய நாடு, நெருக்கடி, வெளிநாட்டுப் பணம் என்று அன்று சொல்லப்பட்ட காரணங்கள் எனக்கும் தெரியும். அவற்றில் சிலவற்றை நான் ஏற்கவும் செய்கிறேன். ஆனால் சையித் ஜஹாரி என்ற பெயருக்கு வந்ததும் எனக்குப் பேச்சு நின்றுவிடுகிறது. உத்துசான் மெலாயு என்ற மலாய் நாளிதழின் ஆசிரியர். மலாயாவின் ஆளும் கட்சியான அம்னோ தன் பத்திரிகையைக் கைப்பற்றக் கூடாது என்று 1961இல் வேலைநிறுத்தம் நடத்தியவர். அவரும் அரசியலுக்கு வந்தார். சிங்கப்பூரில் ஒரு எதிர்க்கட்சிக்குத் தலைவராகி ஒரு இரவுகூட முழுதாகக் கழியவில்லை, 1963 பிப்ரவரி 2 அன்று கைது. விசாரணை இல்லாமல் 17 ஆண்டுகள் காவல். அப்போது ராஜரத்தினம் கலாசார அமைச்சர்.

இதை எழுதும்போது வலிக்கிறது. நான் நேசிக்கும் மனிதரைப் பற்றித்தான் எழுதுகிறேன். பத்திரிகை என்றால் என்ன என்று அந்த அமைச்சரவையில் அவரைவிட யாருக்குத் தெரியும்? "ஏதோ பேப்பர்ல எழுதிக்கிட்டிருந்தாரு" என்று தாண்டிப் போகிறவர்கள் இந்தக் கேள்வியையும் சேர்த்துத் தாண்டிவிடுகிறார்கள். அவரைப் பத்திரிகைக்காரராகப் பார்த்தால்தான் அவர்மீது இந்தக் கோபமே வரும்.

கமெண்டில் "நம்ம ஆளு" என்று எழுத வருகிறவர்கள், 1972இல் சிங்கப்பூர்ப் பத்திரிகையாளர் மன்றத்தில் சிங்கப்பூர் உலக நகரமாவது பற்றி அவர் பேசிய உரையை ஒருமுறை படித்துவிட்டு வாருங்கள். அதற்கப்புறம் என்ன திட்டினாலும் பதில் சொல்கிறேன்.