தபால்பெட்டியில் அப்பா பேர்

எக்ஸ்சேஞ்சில், அதாவது இங்குள்ள கல்லூரி மூலம் ஒரு செமஸ்டர் படிக்க, ஜெர்மனி போய் மதிப்பெண் ஏதும் இல்லாமல் திரும்பிய அந்தப் பெண் அழுத வீடியோவை எல்லோரும் பார்த்தாயிற்று. கதையை மறுபடி சொல்லப்போவதில்லை. கீழே நம் ஆட்கள் எழுதியதைத்தான் தாங்க முடியவில்லை. "ஊர் சுத்திட்டு வந்து ஒப்பாரி." "அப்பன் காசுல ஜெர்மனி டூர்." ஒருவர், பேராசிரியராம், சிரிக்கிற பொம்மை மட்டும் போட்டிருக்கிறார். நல்லது ஐயா.

அவள் பரீட்சையில் கோட்டை விடவில்லை. பரீட்சையே எழுதவில்லை. பதிவு செய்யாததால் எழுத விடவில்லை. பதிவு செய்ய முடியாமல் போனதற்குக் காரணம் ஒரு தபால்பெட்டி. நாலாவது நிமிஷத்தில் அவளே சொல்கிறாள். அதுவரை யார் பார்த்தீர்கள்?

அங்கே தபால்காரர் பெட்டிமேல் ஒட்டியிருக்கும் குடும்பப் பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். இருநூறு அறை இருக்கிற விடுதியானாலும் அப்படித்தான். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் அப்பா பெயர் இருக்கும். முருகேசன் மகள் கவிதா என்று வையுங்கள். கடிதம் "திருமதி முருகேசன்" என்று வரும். பெட்டியில் "கவிதா" என்று அழகாக எழுதி ஒட்டியிருப்பாள். தபால்காரருக்கு அங்கே முருகேசன் யாரும் குடியில்லை. கடிதம் திரும்பிப் போய்விடும். அவளுக்கு நடந்தது இதுதான். சோம்பேறித்தனம் இல்லை, பெயர்.

ஒரு கடிதம்தானே என்கிறீர்களா? வந்து இறங்கியவுடன் எதெல்லாம் தபாலில் வருகிறது என்று கேளுங்கள். வங்கி அட்டை ஓர் உறையில், அதன் ரகசிய எண் வேறொரு நாள் வேறோர் உறையில். காப்பீட்டு அட்டை. வரி எண். வானொலி, தொலைக்காட்சிக் கட்டணக் கடிதம். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ, டிவி இல்லை என்றாலும் கட்டத்தான் வேண்டும். அவளுடைய பல்கலைக்கழகம் மாணவர் கணக்கின் முதல் கடவுச்சொல்லையும் தபாலில்தான் அனுப்பியிருக்கிறது. அது இல்லாமல் போர்ட்டலுக்குள் நுழைய முடியாது. போர்ட்டல் இல்லாமல் தேர்வுப் பதிவு இல்லை.

இதற்கு முன்னால் இன்னொரு சங்கிலி. குடிபுகுந்த 14 நாளுக்குள் நகர அலுவலகத்தில் முகவரிப் பதிவு செய்ய வேண்டும். நம் பிள்ளைகள் சிட்டி ரெஜிஸ்ட்ரேஷன் என்பார்கள், அங்கே அன்மெல்டுங். அதற்கு வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. வீடு கொடுத்தவர் கையெழுத்திட்ட தனிப் படிவம் ஒன்று வேண்டும். அதை விட்டுவிட்டுப் போய், அப்பாயின்ட்மென்ட்டை இழந்து, அடுத்ததற்கு மூன்று வாரம் காத்திருந்தவர்கள் எத்தனையோ பேர். பதிவுச் சான்றிதழ் இல்லாமல் பல வங்கிகள் கணக்குத் திறப்பதில்லை. கணக்கு இல்லாமல் பிளாக்டு அக்கவுன்ட்டில் (விசாவுக்காக முன்கூட்டியே பணம் கட்டி, மாதாமாதம் மட்டும் எடுக்க விடுகிற கணக்கு) போட்ட பணம் கைக்கு வராது. மாதம் 992 யூரோ வீதம் கட்டியாயிற்று, ஆனால் முதல் மாத வாடகைக்குக் கையில் காசில்லை! அதனால்தான் முன்பணத்துக்கும் முதல் மாதத்துக்கும் தனியாகப் பணம் கொண்டுபோகச் சொல்கிறோம். யார் கேட்கிறார்கள்? ஒரு பெட்டி நிறைய ஊறுகாயும் பருப்புப்பொடியும் போகிறது.

"வகுப்புக்குப் போனாளே, அப்போது தெரியாதா?" என்று ஒரு கேள்வி. தெரியாது. நம் ஊரில் அட்டெண்டன்ஸ் 75 சதவீதம் இருந்து, பீஸ் கட்டினால் ஹால் டிக்கெட் வந்துவிடும். கிளாஸ் ரெப் குரூப்பில் மூன்று தடவை கத்துவான். அங்கே பெரும்பாலான விரிவுரைகளில் வருகையே எடுப்பதில்லை. பாடத்துக்குப் பெயர் கொடுப்பது வேறு, தேர்வுக்குப் பெயர் கொடுப்பது வேறு. தேர்வுப் பதிவுக்குச் சில வாரம்தான் திறந்திருக்கும். கெடு முடிந்தால் முடிந்ததுதான், கெஞ்சினாலும் திறக்காது. பதிவு செய்துவிட்டுச் சொல்லாமல் வராமல் போனாலோ பல இடங்களில் 5.0. அங்கே 1.0 முதலிடம், 4.0 பாஸ், 5.0 பெயில். 1.3 வாங்கிய பையனை அப்பா போனில் திட்டியதும் உண்டு.

இன்னொன்றையும் ஒருவரும் பேசவில்லை. அங்கே குளிர்கால செமஸ்டர் அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை. வகுப்பு பிப்ரவரி நடுவில் முடியும், தேர்வுகள் பெரும்பாலும் அதற்குப் பிறகு. இங்கே அடுத்த செமஸ்டர் அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. "ஜனவரியில வந்து சேரு" என்று இங்கிருந்து மெயில் போகும். தேர்வை விட்டுவிட்டு வந்தால் படித்த பாடத்துக்கு கிரெடிட் இல்லை, இருந்து எழுதினால் இங்கே அட்டெண்டன்ஸ் இல்லை. இரண்டு கல்லூரிகளும் எக்ஸ்சேஞ்ச் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டபோது இரண்டு காலண்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் யார்? கல்லூரி வாசலில் அவள் படம் போட்ட பிளெக்ஸ் மட்டும் பன்னிரண்டு அடிக்கு இருந்தது.

"இன்டர்நேஷனல் ஆபீஸில் போய்க் கேட்டிருக்கலாமே" என்கிறார் ஒரு நண்பர். வெளிநாட்டு மாணவர்களைக் கவனிக்க அங்கே இருக்கிற அலுவலகம் அது. நியாயம்தான். கேட்டிருக்க வேண்டும். அக்டோபரிலேயே கதவைத் தட்டியிருந்தால் கடவுச்சொல்லை நேரில் வாங்கியிருக்கலாம். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அலுவலகங்கள் மாணவர்களைப் பார்ப்பதே வாரத்தில் சில மணி நேரம்தான், அதுவும் பல நேரம் வகுப்பு நடக்கிற வேளையில். இருபது வயதுப் பிள்ளை, புதிய மொழி. அட்டவணையில் "10 சி.டி." என்றால் 10.15-க்கு என்று புரியவே இரண்டு வாரம். எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தால்தானே கேட்பாள்?

அப்புறம் அவள் கிறிஸ்துமஸ் சந்தையில் நின்று போட்ட படம். அதைத்தான் எல்லோரும் பெரிதாக்கிப் போடுகிறீர்கள். ஊர் சுற்ற அப்பன் காசு எதற்கு? பல பல்கலைக்கழகங்களில் செமஸ்டர் கட்டணத்திலேயே பயணச்சீட்டு அடக்கம். நாடு முழுக்க வட்டார ரயிலில் செல்லும், ஐசிஇ என்கிற அதிவேக ரயிலில் செல்லாது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. டிசம்பரில் நாலரை மணிக்கு இருட்டிவிடும். அவள் அறையில் உட்கார்ந்து சுவரைப் பார்த்திருந்தால் உங்களுக்குத் திருப்தியா? அதே சந்தையில் நின்று படம் போட்ட பையன்களுக்கு "மாஸ் டா தம்பி" என்றீர்கள். இவளுக்கு மட்டும் "பொம்பளப் புள்ளைய தனியா அனுப்பினா இப்படித்தான்." இதைச் சொன்னவர் வெளியாள்கூட இல்லை, அவள் சித்தப்பாவாம். அடுத்த வருஷம் அந்தக் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் எக்ஸ்சேஞ்சுக்கு விண்ணப்பிக்கப் போவதில்லை. போதுமா?

"ஏஜென்ட் வேலையா பாக்குறீங்க, இவ்வளவு வக்காலத்து?" என்று இன்பாக்ஸில் வந்து கேட்டவருக்கு: ஒரு பைசா வாங்கியதில்லை. போன வருஷம் இதையெல்லாம் எழுதி இங்கேயே போட்டேன், பதினோரு லைக். நீங்கள் அதில் இல்லை.

வரும் அக்டோபரில் போகிறவர்களுக்கு மட்டும். பெட்டிமேல் உங்கள் பெயரையும் அப்பா பெயரையும், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்திலேயே, அறைச் சாவி வாங்கிய அன்றே ஒட்டுங்கள். விடுதிக்காரர் அச்சடித்துத் தரட்டும் என்று காத்திருக்காதீர்கள். காகிதமும் டேப்பும் போதும். அழைப்புமணிப் பலகையிலும் ஒட்டுங்கள். பாடம் மாற்றினால் லேர்னிங் அக்ரிமென்ட்டில் (அங்கே எந்தெந்தப் பாடம் படிப்பது என்று ஒத்துக்கொண்ட தாள்) இங்குள்ள துறையிடம் மறுபடி கையெழுத்து வாங்குங்கள், வாய்ச்சொல்லை நம்பாதீர்கள். திரும்பும்போது முகவரிப் பதிவை ரத்து செய்யுங்கள்; வெளியேறுவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பிருந்து, போன பிறகு இரண்டு வாரம் வரை செய்யலாம். வானொலிக் கட்டணத்தையும் தனியாக ரத்து செய்யுங்கள், இல்லையென்றால் அந்த 18.36 யூரோ உங்கள் பெயரில் ஏறிக்கொண்டே இருக்கும்.

அந்தப் பேராசிரியர் இதைப் படித்தால் சிரிக்கிற பொம்மையை இங்கேயும் போடட்டும். அவர் துறையிலிருந்து இந்த வருஷம் இரண்டு பேர் போகிறார்களாம். டேப் வாங்கிக் கொடுத்து அனுப்புங்கள் ஐயா.